கொடைக்கானலில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வீடு பார்க்க வரும் நண்பர்களோடும் சொந்தக்காரர்களோடும் பல வருடங்களாகக் கூடப் போய்க்கொண்டிருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் குளத்தோடு வீடு கேட்டவர்கள் குறைவு. இப்போது நிறைய பேர் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு பக்கம் பார்ப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தக் குளிரில் குளத்தில் இறங்கவே முடியுமா?

சூடாக்காத குளம் என்றால் மார்ச் முதல் மே வரை, மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள், வெயில் அடித்தால் கொஞ்ச நேரம் இறங்கலாம். அந்த மாதங்களிலும் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டுவது அரிது. டிசம்பர், ஜனவரியில் 15-க்கும் கீழே போய்விடும். நீச்சல் போட்டிகளுக்கு 25 முதல் 28 டிகிரி வரை வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த வித்தியாசம் உடம்பு பட்டால்தான் தெரியும். பதினைந்து டிகிரித் தண்ணீரில் திடீரென்று குதித்தால் மூச்சு இழுத்துப் பிடிக்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் முயற்சி செய்யவே வேண்டாம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். அங்கே நிலைமை எவ்வளவோ தேவலை. குளம்தான் முக்கியம் என்று நினைப்பவர்களிடம் நான் ஏற்காட்டைப் பார்க்கச் சொல்வேன்.

சூடாக்க எவ்வளவு செலவாகும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று ஒரு சாதாரண வீட்டுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 45,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அத்தனையையும் ஒரு டிகிரி சூடேற்ற 52 யூனிட் வெப்பம் தேவை. 15 டிகிரியிலிருந்து 28-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 680 யூனிட்.

நேரடி மின்சார ஹீட்டர் என்றால் அத்தனையும் கரண்ட் பில்லில் ஏறும். ஹீட் பம்ப் காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும். ஆக 170 முதல் 230 யூனிட்டில் முடியும். கேஸ் ஹீட்டர் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர் மூன்றரை, நான்கு காலியாகும்.

இது முதல் தடவை சூடேற்ற மட்டும். ஏறிய சூடு ராத்திரியில் இறங்கிவிடும். சூடான தண்ணீரின் மேல் குளிர்காற்று பட்டால் ஆவி பறக்கும், ஒவ்வொரு லிட்டர் ஆவியும் சுமார் 0.7 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரே ராத்திரியில் நான்கு மில்லிமீட்டர் குறைந்தால் 128 லிட்டர் போயிற்று என்று அர்த்தம். கிட்டத்தட்ட 90 யூனிட் வெப்பம். அதனால் ஹீட்டரைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் "கவர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மேலே போர்த்தும் அந்த ஷீட் இருந்தால் சூடாக்கும் செலவு பாதிக்குப் பாதி குறையும், சருகு விழுவதும் குறையும். நான் பார்த்த வீடுகளில் பலவற்றில் கவர் வாங்கவே இல்லை. சில வீடுகளில் வாங்கிச் சுருட்டி ஷெட்டுக்குள் போட்டிருந்தார்கள், எலி கடித்திருந்தது.

'ஹீட் பம்ப் இருக்கிறது' என்று விற்பவர் சொல்கிறார். போதாதா?

ஓடவிட்டுப் பாருங்கள். ஹீட் பம்பின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பலகையில் போட்டிருக்கும் திறன் பெரும்பாலும் 26, 27 டிகிரி காற்றுக்குக் கணக்கிட்டது. கொடைக்கானலில் அந்தக் காற்று ஏது? விடியற்காலை எட்டு, பத்து டிகிரியில் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. பகலில் மட்டும் ஓட்டுவதுதான் கட்டுப்படியாகும்.

கேஸ் ஹீட்டருக்கு வேறு சிக்கல். இந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, எரிவதற்கான ஆக்சிஜனும் குறைவு. பொதுவாக 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நான்கு சதவீதம் திறனைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இங்கே கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பர்னரை உயரத்துக்குத் தக்கபடி மாற்றி அமைத்தார்களா என்று கேளுங்கள். மாற்றாத ஹீட்டர் மஞ்சள் தீயோடு கரி கக்கும். அது அறைக்குள் இருந்தால் ஆபத்து.

பம்பையும் கவனியுங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர் வரை தூக்கும், இங்கே எட்டு மீட்டர்தான். அதனால் பம்ப் அறை குளத்தின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்திருந்தால் அடிக்கடி காற்று பிடிக்கும். ஓடும்போது உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் வந்தால் அந்த பம்ப் சீக்கிரம் போய்விடும்.

வீடு பார்க்கப் போகும் நாளில் முதலில் எதைப் பார்ப்பது?

குளத்தைப் பார்க்காதீர்கள். குளத்துக்குக் கீழே போங்கள்.

இதைத்தான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன். 45,000 லிட்டர் என்பது 45 டன். அந்த எடை ஒரு சரிவில் உட்கார்ந்திருக்கிறது. சமவெளியில் குளம் கசிந்தால் தண்ணீர் பில் கூடும். மலையில் கசிந்தால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மண் ஊறும், ஊறிய மண் ஒரு அடைமழை நாளில் வழுக்கும். கீழே இன்னொருவர் வீடு இருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று காரணம் பெருமழை. ஆனால் வருஷம் முழுக்க ஒழுகும் குளம் ஒரு சரிவை அந்த நிலைமைக்குத் தயார்படுத்தி வைத்துவிடும்.

குளத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு தடுப்புச்சுவர் இருக்கும். அதன் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். சுவரில் வரிசையாகச் சின்னத் துளைகள் விட்டிருக்க வேண்டும், மண்ணில் ஊறும் மழைத்தண்ணீர் வடிவதற்காக. துளையே இல்லாத சுவரை நம்பாதீர்கள். துளை இருந்தால், மழை நின்று பல வாரமான பிப்ரவரி, மார்ச்சில் அதற்குள் விரலை விட்டுப் பாருங்கள். உலர்ந்த தூசி வந்தால் சரி. ஒரு வீட்டில் மார்ச் மாதம் அந்தத் துளைகளில் பெரணிச்செடி தளதளவென்று வளர்ந்திருந்தது, சுவரில் பச்சைப் பாசி. தோட்டத்துப் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகிக் கிடந்த நேரம் அது. வீட்டுக்காரர் "அழகா இருக்குல்ல சார்" என்றார். அந்தப் பெரணிக்குத் தண்ணீர் குளத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

சுவரின் வயிற்றுப் பகுதி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறதா, படிக்கட்டுக்கும் குளத்தின் விளிம்புக்கும் நடுவே விரிசல் விட்டிருக்கிறதா, சரிவில் நிற்கும் மரங்களின் அடிப்பகுதி சாய்ந்து மேலே வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மரம் அப்படி வளைந்திருந்தால் அந்த மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். வீடு பிடித்திருந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் மண் பரிசோதிப்பவரையும் கூட்டிவந்து காட்டுங்கள். அந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

கசிவு இருக்கிறதா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். வாளியில் குளத்துத் தண்ணீரையே முக்கால் பங்கு நிரப்பி, அடியில் ஒரு கல்லைப் போட்டு, குளத்துக்குள் இறங்கும் இரண்டாவது படியில் வையுங்கள். வாளிக்குள் தண்ணீர் மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் மார்க்கரால் குறியுங்கள். பம்பை நிறுத்திவிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது. குளம் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிவு. அப்புறம் பம்பை ஓடவிட்டு இன்னொரு நாள் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால் குழாயில் கசிவு, ஓடாதபோதும் குறைந்தால் குளத்திலேயே கசிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

நாம் எடுத்துக்கொண்ட குளத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 320 லிட்டர். தினம் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகக் குறைந்தால் வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் லிட்டர் மண்ணுக்குள் போகிறது.

இரண்டு நாள் காத்திருக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குளத்தைக் காலி செய்து காட்டச் சொல்லலாமா?

கோடையில் சொல்லலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் சுற்றியுள்ள மண் ஊறி இருக்கும். உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் வெளியிலிருந்து வரும் அழுத்தம் குளத்தின் தரையைத் தூக்கிவிடும், சுவர் வெடிக்கும். வாங்கிய பிறகும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'மழைக்காலத்தில் யார் குளிக்கப் போகிறார்கள்' என்று காலி செய்து போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீருக்கு என்ன வழி?

விற்பவர் எதைச் சொன்னாலும் இதைத் தனியாக விசாரியுங்கள். ஊருக்குப் பழைய அணைகளிலிருந்தும் குண்டாற்றிலிருந்தும் நகராட்சித் தண்ணீர் வருகிறது. ஆனால் கோடையில் தினம் வராத தெருக்கள் நிறைய. வீட்டுக்குக் குடிக்கவே எண்ணி எண்ணிப் பிடிக்கும் ஊரில் நகராட்சிக் குழாயிலிருந்து குளத்தை நிரப்புவது நியாயமில்லை என்பது என் கருத்து. டேங்கர் என்றால் ஆறாயிரம் லிட்டர் வண்டிக்கு எட்டு நடை. சில வீடுகளுக்குப் போகும் பாதையில் அந்த வண்டி திரும்பவே திரும்பாது. போர் இருக்கிறது என்றால் அதற்கு அனுமதி வாங்கிய கடிதத்தைக் கேளுங்கள். மலையில் இஷ்டத்துக்குப் போர் போட முடியாது. 'ஊற்றுத் தண்ணீர்' என்று சொன்னால் அந்த ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, கீழே எத்தனை குடும்பம் அதை நம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

நல்ல வழி மழைதான். கொடைக்கானலில் வருஷத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,600 சதுர அடிக் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் ஏறக்குறைய 1.9 லட்சம் லிட்டர். அந்தக் குளத்தை நான்கு தடவை நிரப்பலாம். கூரையிலிருந்து பீலி போட்டு, முதல் மழையை வெளியே விட்டு, வடிகட்டித் தொட்டியில் சேர்க்கும் அமைப்பு ஏற்கெனவே இருக்கும் வீடு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை.

அனுமதி, பத்திரம் விஷயத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் எந்த ஊரிலும் பார்ப்பவைதான். ஒரு நல்ல வக்கீலிடம் கொடுங்கள். மலைக்கே உரிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் குளம் இருக்கிறதா? வீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டுக் குளத்தைப் பின்னால் வெட்டியவர்கள் உண்டு. வரைபடத்தில் இல்லாத குளத்துக்கு வங்கி மதிப்புப் போடாது. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயருக்குத்தான் வரும். 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இங்கே விதிமீறிய கட்டடங்கள் பலவற்றுக்கு சீல் வைத்தார்கள். பூட்டிய கதவின் மேல் அரக்கு முத்திரையைப் பார்த்துவிட்டு மலையிறங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இரண்டு, நிலம் ஹாக்கா கிராமத்தில் வருகிறதா? ஹாக்கா என்பது மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 1990-ல் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உள்ள வருவாய்க் கிராமங்களில் மண்ணை வெட்டவும் கட்டவும் தனி அனுமதி வேண்டும். சர்வே எண்ணைக் கொடுத்து நகர் ஊரமைப்பு அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். புரோக்கர் வாக்கு போதாது.

மூன்று, கண்டிஷன் பட்டாவா? அரசு சிலருக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தை விற்கவே முடியாத நிலை இருக்கலாம். எஸ்டேட்டிலிருந்து பிரித்து விற்கும் நிலம் என்றால் 1949-ம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறதா என்பதையும் வக்கீல் பார்க்க வேண்டும்.

முத்திரைத்தாள் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலிலிருந்து 2 சதவீதம். மொத்தம் 9 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

குளத்தின் மேல் யூகலிப்டஸ் நிற்கிறது. வெட்டிவிடலாமா?

நினைத்த மாத்திரத்தில் வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. உங்கள் நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். காற்றடிக்கும் மாதங்களில் இலையும் பட்டையும் பைன் ஊசியும் ஸ்கிம்மரை (தண்ணீரின் மேல் மிதக்கும் குப்பையை இழுக்கும் வாயை) அடைத்துவிடும், தினமும் அள்ள ஆள் வேண்டும். வீடு பார்க்கும்போதே தலையை நிமிர்த்தி மேலே பார்த்துவிடுங்கள்.

குளிர் ஊர்தானே, குளோரின் குறைவாகப் போட்டால் போதுமா?

குளிர்ந்த தண்ணீரில் பாசி மெதுவாகத்தான் வரும், உண்மை. ஆனால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்து சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. அது குளோரினை முறித்துவிடும். அதனால் வாரம் இரண்டு தடவையாவது சோதித்து, லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்கும்படி வையுங்கள். பிஎச் அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கட்டும்.

மலைத்தண்ணீரில் இன்னொன்று உண்டு. மதுரையில் உப்புத்தண்ணீர் குழாயில் வெள்ளையாகப் படியும். இங்கே தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தனக்கு வேண்டிய சுண்ணாம்பை அது குளத்தின் பூச்சிலிருந்தும் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். டைல்ஸ் இடுக்கை நகத்தால் கீறிப் பாருங்கள். மணல் மணலாக உதிர்ந்தால் பல வருடம் யாரும் தண்ணீரைச் சரிபார்க்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். கால்சியம் குளோரைடும் சமையல் சோடாவும் அளவு பார்த்துச் சேர்த்தால் இது நிற்கும்.

ஃபில்டரைக் கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிவதுதான் கீழே சில்வர் காஸ்கேட்டாக விழுகிறது. மேலே விடுவது கீழே யாரோ ஒருவர் வாய்க்குப் போகும். ஒரு தொட்டியில் தேக்கி, குளோரின் வாசனை போகும்வரை சில நாள் வெயிலில் விட்டு, பிறகு தோட்டத்துக்குப் பாய்ச்சலாம்.

காட்டுமாடு உள்ளே வருமா?

வரும். ஊருக்குள்ளேயே நடமாடுகிறது. ராத்திரியில் வேலி தாண்டி வரும் காட்டுமாடு குளத்தில் விழுந்தால் வழுக்கும் டைல்ஸில் ஏற முடியாது. கிணற்றிலும் தொட்டியிலும் விழுந்த மாடுகளை வனத்துறை மீட்கும் செய்தி மலை ஊர்களில் அடிக்கடி வருகிறது. குளத்தைச் சுற்றி உறுதியான வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்க வேண்டும். அந்த வேலி உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

வாரக் கடைசியில் விருந்தினருக்கு வாடகைக்கு விட்டுச் செலவை எடுத்துவிடலாமா?

இந்தக் கணக்கை வைத்து வாங்காதீர்கள். குடியிருக்க வாங்கிய அனுமதியில் விடுதி நடத்துவது விதிமீறல். தங்கும் விடுதிக்கான பதிவும் உரிமமும் வேண்டும், மின்சாரக் கட்டணமும் மாறும். 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது, வரும் விருந்தினரும் அதை எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். குளம் இருந்தால் பொறுப்பும் கூடும். பழக்கமில்லாத குளிரில், குடித்துவிட்டு ராத்திரியில் இறங்குபவரை யார் பார்த்துக்கொண்டிருப்பது?

மலையில் நீந்தினால் மூச்சு வாங்குமா?

கொஞ்சம் வாங்கும். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. முதல் இரண்டு நாள் மெதுவாக நீந்துங்கள், அப்புறம் பழகிவிடும்.

வீடு பிடித்திருக்கிறது, குளம் வேண்டாம். என்ன செய்வது?

நல்ல கேள்வி. என்னைக் கேட்டால் இந்த உயரத்தில் பாதிப் பேர் இதைத்தான் செய்ய வேண்டும். மண்ணைக் கொட்டி மூடிவிடாதீர்கள். மூடிய குளம் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பாரத்தைக் கூட்டும். கசிவில்லாத குளம் என்றால் உறுதியான மூடி போட்டு மழைநீர்த் தொட்டியாக மாற்றிவிடலாம். 45,000 லிட்டர் கையிருப்பு என்றால் நான்கு பேர் குடும்பத்துக்கு, ஆளுக்கு நூறு லிட்டர் வீதம், நூறு நாளைக்கு மேல் வரும். ஏப்ரலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் லாரிக்குக் காத்திருக்கும்போது உங்கள் வீட்டில் குழாய் திறந்தால் தண்ணீர் வரும். கசியும் குளம் என்றால் இன்ஜினியரைக் கேட்டு, தரையில் வடிகால் துளை போட்ட பிறகுதான் மூட வேண்டும்.

குளத்துக்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

கட்டிய செலவைச் சொல்லித்தான் விலை பேசுவார்கள். நீங்கள் வருஷத்துக்குப் பராமரிக்கும் செலவைச் சொல்லிப் பேசுங்கள். கவர் இல்லை, ஹீட்டர் ஓடவில்லை, டைல்ஸ் உதிர்கிறது என்றால் அந்தக் குளத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. கசிகிறது என்றால் சரிசெய்யும் செலவை வீட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

சாவி வாங்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

அங்கே இத்தனை வருஷம் வேலை பார்த்த தோட்டக்கார அண்ணனோடு ஒரு மணி நேரம் செலவழியுங்கள். முதலாளிக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். எந்த வால்வு எதற்கு, எந்த மாதம் தண்ணீர் சட்டென்று இறங்கும், மழையில் எந்த மூலையில் மண் ஊறும் என்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வால்விலும் பெயின்ட்டால் எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய், பம்ப்புக்கும் தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னாலேயே அழுத்தச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாக இறங்காது, அதையும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். பட்டனை அழுத்தியும் கரண்ட் போகவில்லை என்றால், அதைச் சரிசெய்யும்வரை யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள்.